எவ்வளவு போகும்?

மாதத்தில் இரண்டு பேராவது என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். கையில் ஒரு பீங்கான் கிண்ணமோ, பூ ஜாடியோ, மூடி உடைந்த இஞ்சி ஜாடியோ இருக்கும். "சார், நீங்கள் பழைய சைனா சாமான் பார்ப்பீர்களாமே? அடியில் ஆறு எழுத்து போட்டிருக்கிறது. எவ்வளவு போகும்?" என்பார்கள். காப்பி கொடுத்து உட்கார வைத்து, "இது உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்டால், "அதெல்லாம் தெரியாது சார், பரணில் கிடந்தது" என்று பதில் வரும்.

நம்மவர்கள் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் குடும்பம் ஒன்று 2007-ல், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில், 3 டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கியது. கூடத்தில் சும்மா வைத்திருந்த அந்தக் கிண்ணம், ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சுங் வம்சத்து 'டிங்' பாண்டம் என்று பிறகு தெரிந்தது. 2013-ல் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. இந்தச் செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் அன்றே பரணில் ஏறியிருப்பார்கள். குறை சொல்ல முடியாது.

ஆனாலும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பழம்பொருள் என்றதும் நாம் கேட்கும் கேள்விகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, இது என்ன? அடுத்தது, எங்கே, யாருக்காகச் செய்தார்கள்? மூன்றாவது, அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பற்றிப் பேசலாம். பல சமயம், மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்ததும் விலை கேட்கும் ஆசையே போய்விடும்.

நான் கலை விமர்சகன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, மின்வண்டிகளுக்கு மேலே ஓடும் கம்பிகளைப் பராமரிக்கும் பிரிவில் காலம் தள்ளியவன். பீங்கான் எனக்கு அறிமுகமானது இன்சுலேட்டர் வடிவத்தில்தான். அந்தக் கம்பிகளைத் தாங்கி நிற்பவை பீங்கான் இன்சுலேட்டர்கள். வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் கலந்து, ஏறக்குறைய 1,300 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கண்ணாடிபோல் இறுகி, தண்ணீரும் புகாத, மின்சாரமும் கடக்காத பொருளாகிறது. மேலே பூசும் மெருகில் ஊசிமுனை விரிசல் இருந்தாலும் மழைக்காலத்தில் அது தன் வேலையைக் காட்டிவிடும். ஆகவே பீங்கானைக் கையில் எடுத்தால் திருப்பிப் பார்ப்பது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது, விரலால் சுண்டிப் பார்ப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலைக் கண்டுபிடிப்பார்கள் அல்லவா, அதே சூத்திரம்தான். நல்ல கிண்ணம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது 'தட்' என்று நின்றுவிடும்.

இந்தக் கலவையை முதலில் கண்டுபிடித்தவர்கள் யார் என்று தேடப்போய்த்தான் சீனாவுக்குள் நுழைந்தேன். தெற்குச் சீனாவில் ஜிங்டெஜென் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சூளைகள் எரிகின்றன. வெள்ளைக் களிமண்ணுக்கு 'கயோலின்' என்று இன்று உலகமே சொல்லும் பெயர், அந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள 'கௌலிங்' குன்றின் பெயரிலிருந்து வந்ததுதான். ஐரோப்பியர்களுக்கு இந்த ரகசியம் 1708 வாக்கில்தான் பிடிபட்டது. 1710-ல் ஜெர்மனியின் மைசன் நகரில் முதல் ஆலை தொடங்கினார்கள். அதுவரை அவர்களுடைய அரசர்கள் சீனப் பாண்டத்தைத் தங்கத்துக்குச் சமமாகப் பூட்டி வைத்தார்கள்.

வம்சங்களின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும். டாங் வம்சம் (618–907): பச்சை, பழுப்பு, வெண்மஞ்சள் என்று மூன்று நிறம் வழியும் மெருகு. நாம் படங்களில் பார்க்கும் கம்பீரமான குதிரைகளும் ஒட்டகங்களும் இந்தக் காலத்தவை. சுங் வம்சம் (960–1279): சித்திர வேலை குறைவு; வடிவமும் மெருகின் நிறமும்தான் அழகு. அரண்மனைக்கென்று செய்த 'ரூ' பாண்டங்கள் மழை விட்ட வானத்தின் நிறம் என்று புகழப்பட்டவை. உலகம் முழுக்கத் தேடினாலும் இன்று நூற்றுக்கும் குறைவாகவே உள்ளன. யுவான் வம்சம் (1271–1368): மங்கோலியர் ஆட்சி. பாரசீகத்துக் கோபால்ட் நீலமும் சீனத்து வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து, நாமெல்லாம் 'சைனா' என்றாலே நினைக்கும் நீல வெள்ளைப் பாண்டம் பெரிய அளவில் வந்தது. மிங் வம்சம் (1368–1644): நீலத்தோடு சிவப்பும் பச்சையும் மஞ்சளும் சேர்ந்தன. சிங் வம்சம் (1644–1911): எண்ணற்ற வண்ணங்கள், நுணுக்கத்தின் உச்சம்; பழைய வம்சத்துப் பாண்டங்களைப் போலவே செய்து காட்டும் திறமையும் கூட.

சேகரிப்பு என்ற பழக்கமும் ஐரோப்பியரோடு வந்ததல்ல. சுங் அரசர் ஹுய்ட்சுங் தமக்கு முந்திய காலத்து வெண்கலப் பாத்திரங்களைத் தொகுத்துப் பட்டியல் போட வைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியான்லுங் பேரரசர், தம் கைக்கு வந்த சுங் பாண்டங்களின் அடியில் தாம் இயற்றிய கவிதைகளைப் பொறிக்க வைத்தார். (நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

இவ்வளவு படித்த பிறகும் நான் ஏமாந்தேன். ஓய்வு பெற்ற முதல் வருஷம், நகரத்துக் கடை ஒன்றில் ஒரு நீல வெள்ளை ஜாடியைப் பார்த்தேன். அடியில் இரண்டு வரிசையாக ஆறு எழுத்துகள்: 'மகா சிங் வம்சத்துக் காங்ஸி ஆட்சியில் செய்தது.' காங்ஸி ஆண்டது 1661 முதல் 1722 வரை. கடைக்காரர் பதினெட்டாயிரம் ரூபாய் என்றார். பேரம் பேசிப் பதினான்குக்கு முடித்தேன். வீட்டில், "ஊறுகாய் போடலாமா?" என்று ஒரு கேள்வி வந்தது. அவ்வளவுதான் வரவேற்பு.

ஆறு மாதம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஜாடியைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே கொடியின் ஒரு தண்டு பாதியில் நின்று, ஒரு நூல் இடைவெளி விட்டு, சற்றுக் கீழிறங்கி மறுபடி தொடங்கியது. தூரிகையால் வரைந்தவன் இப்படி விடமாட்டான்; அச்சிட்ட தாளை ஜாடியில் சுற்றி ஒட்டியபோது இரண்டு முனையும் பொருந்தாமல் போன இடம் அது. அடிவளையத்தில் பழமைபோலத் தெரிந்த பழுப்புக் கறை ஈரத்துணியில் வந்துவிட்டது. ஜாடிக்கு என் பேத்தியின் வயதுகூட இருக்காது! முப்பது வருஷம் இன்சுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், ஆசை வந்ததும் ஆறு எழுத்தைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்க மறந்தேன்.

அடி எழுத்தைப் பற்றி அன்று கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எழுத்து என்பது பிறப்புச் சான்றிதழ் அல்ல. பழைய அரசர்மேல் உள்ள மரியாதைக்காகப் பிந்திய காலத்தவர்கள் முந்திய ஆட்சியின் முத்திரையைப் போடுவது சீனாவில் சகஜம். 1677-ல் ஜிங்டெஜென் அதிகாரி ஒருவர், உடைந்தால் அரசர் பெயர் குப்பையில் போகும் என்று, பாண்டங்களில் பேரரசர் பெயரை எழுதக்கூடாது என உத்தரவே போட்டார். அதனால் உண்மையான காங்ஸி காலத்துப் பாண்டங்கள் பலவற்றில் இருநூறு வருஷம் முந்திய மிங் அரசர் பெயர் இருக்கிறது. அல்லது வெறும் இரட்டை வட்டம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் செய்ததில் காங்ஸி பெயர் இருக்கிறது. எழுத்தை மட்டும் நம்பி வாங்குபவன் என்னைப்போல ஊறுகாய் ஜாடிதான் வாங்குவான்.

பணம் போனது சின்ன நஷ்டம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சீனக் கலைப் பொருட்களைச் சேகரித்தவர்களில் தலைசிறந்தவர் என்று உலகம் கருதும் ஒருவர், நாம் வாழும் இந்தப் பம்பாயில் பிறந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் சர் பெர்சிவல் டேவிட், பிறந்தது 1892-ல். இவருடைய தந்தை சர் சாசூன் டேவிட், பாங்க் ஆஃப் இந்தியாவை நிறுவியவர்களில் ஒருவர். மகன் லண்டனில் குடியேறி, சீன மொழியைக் கற்றுக்கொண்டு, சுமார் 1,700 பாண்டங்களைச் சேர்த்தார். 1935–36-ல் லண்டனில் நடந்த மாபெரும் சீனக் கலைக் கண்காட்சிக்கு முன்னின்று உழைத்தவரும் இவரே. 1964-ல் காலமானார். அவருடைய சேகரிப்பு 2009 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 2024-ல் அதை அந்த மியூசியத்துக்கே நிரந்தரமாகத் தந்துவிடுவதாக அறிவித்தார்கள்.

அந்தச் சேகரிப்பில் மிகவும் பெயர் பெற்றவை 'டேவிட் ஜாடிகள்' என்னும் ஒரு ஜோடி. இரண்டடிக்குச் சற்று மேலான உயரம், யானைத் தலை வடிவில் கைப்பிடி, உடலில் டிராகன். வெவ்வேறு இடங்களில் இருந்த இரண்டையும் வாங்கி ஒன்று சேர்த்தவர் டேவிட். கழுத்தில் நீலத்தில் ஓர் எழுத்துப் பகுதி இருக்கிறது. சாங் வென்ஜின் என்ற பக்தர், தம் குடும்பம் நலமாக இருக்க வேண்டி, ஒரு தூபக்காலையும் இந்த ஜாடிகளையும் கோயிலுக்குச் சமர்ப்பித்ததாகச் சொல்கிறது, ஆண்டும் போட்டிருக்கிறது. நம் கணக்கில் அது 1351. யுவான் காலத்து நீல வெள்ளைப் பாண்டங்களின் வயதை அறிஞர்கள் கணிப்பதற்கு இந்த ஜோடிதான் அளவுகோல்.

எனக்கு இதைப் படித்தவுடன் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கோயிலில் குத்துவிளக்கில், மணியில், ஏன், டியூப்லைட்டில்கூட 'உபயம்: இன்னார்' என்று எழுதுகிறோம் அல்லவா? அதுதான் இது! பிறகு சிரிப்பு நின்றது. தூபக்கால் இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கோயிலுக்கு உபயம் செய்த ஜாடி, அந்தக் கோயிலில் இல்லை; அந்த நாட்டிலேயே இல்லை.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் நினைவுக்கு வந்தார். கோயிலிலிருந்து திருடப்பட்டு, 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, 2014 செப்டம்பரில் இந்தியா திரும்பியவர் அவர். அதற்கு முன் 1991-ல் பத்தூர் நடராஜர் லண்டனிலிருந்து வழக்காடி மீண்டு வந்தார். அந்தச் செய்திகளைப் படித்து மகிழாத தமிழர் உண்டா? நம் சாமியைப் பற்றிப் பேசும்போது, "வாங்கியவன் நல்ல விலை கொடுத்துத்தான் வாங்கினான்" என்ற சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்வதில்லை. "எப்படி வந்தது?" என்றுதான் கேட்கிறோம். அதே கேள்வியைச் சீனத்துப் பொருளைப் பார்த்துக் கேட்காமல், "எவ்வளவு போகும்?" என்று கேட்டால் அது என்ன நியாயம்?

டேவிட் அவர்கள் திருடினார் என்று நான் சொல்லவே இல்லை. விலை கொடுத்து வாங்கினார், கற்றார், கற்பித்தார். ஆனால் சீனாவிலிருந்து வெளியே வந்த பொருட்கள் எல்லாம் அப்படி வந்தவை அல்ல. 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீஜிங் அருகே பேரரசரின் கோடை அரண்மனையைச் சூறையாடின. பிறகு எல்கின் பிரபுவின் உத்தரவுப்படி அதற்குத் தீ வைத்தார்கள். அந்தப் போரில் இந்தியப் படைகளும் இருந்தன. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு டாகூ கோட்டைத் தாக்குதலில் பங்குகொண்டது. அந்தப் பெயர் அதன் போர்ச் சிறப்புகளின் பட்டியலில் இருக்கிறது. போருக்கு வேரான அபினியிலும் கணிசமான பங்கு இந்தப் பம்பாய்த் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது. எனவே, "அது வெள்ளைக்காரன் செய்தது, நமக்கென்ன?" என்று முழுக்க ஒதுங்கிவிட முடியாது. கூலிக்காவது நாமும் அங்கே நின்றிருக்கிறோம்.

அந்த அரண்மனை நீரூற்றில் எலி, எருது, புலி என்று பன்னிரண்டு வருஷ விலங்குகளின் வெண்கலத் தலைகள் இருந்தன. அவற்றில் எலியும் முயலும் 2009-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. ஏலம் கேட்டு வென்ற சீனர், "பணம் கட்டமாட்டேன், எங்கள் வீட்டிலிருந்து எடுத்ததை எங்களுக்கே விற்கிறீர்களா?" என்ற கருத்தில் கையை விரித்துவிட்டார். ஏல முறைப்படி அது தவறு. ஆனால் அவருடைய வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாததா? 2013-ல் பிரெஞ்சுத் தொழிலதிபர் குடும்பம் ஒன்று அந்த இரண்டு தலைகளையும் சீனாவுக்கே தந்துவிட்டது. இன்றுவரை ஏழு தலைகள் திரும்பியுள்ளன.

என் தொழிலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டாங் வம்சத்து மூன்று நிறக் குதிரைகள் கலைச் சந்தைக்கு வரத் தொடங்கியது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் பக்கம் ரயில் பாதை போட மண்ணை வெட்டியபோதுதான். வெட்டிய இடமெல்லாம் பழைய கல்லறைகள். உள்ளே இறந்தவருக்குத் துணையாக வைத்த குதிரைகள், ஒட்டகங்கள், பணிப்பெண்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வந்தார்கள், விலை ஏறியது. விலை ஏறியதும், பாதை போடாத இடங்களிலும் மண்வெட்டி இறங்கியது. யாரோ ஒருவர் தம் தகப்பனாருக்காகப் புதைத்த குதிரை அது. வரவேற்பறையில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். நம் தாத்தாவின் சமாதியைத் தோண்டி எடுத்ததை ஒருவர் தம் வரவேற்பறையில் வைத்தால்?

எதிர்வாதம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "வெளிநாட்டவர் வாங்கிப் போகாவிட்டால் இவையெல்லாம் அழிந்திருக்கும். 1966-ல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் எத்தனை உடைத்தார்கள்!" என்பார்கள். உடைத்தது உண்மை. மிகவும் வேதனையான உண்மை. ஆனால் அதே நாட்டவர்கள் காப்பாற்றியதையும் பார்க்க வேண்டும். 1933-ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பீஜிங் அரண்மனை மியூசியத்தின் ஊழியர்கள் 13,491 பெட்டிகளில் பொருட்களைக் கட்டி, ரயிலேற்றித் தெற்கே அனுப்பினார்கள். 1937-ல் போர் முற்றியதும் ரயில், படகு, லாரி என்று மூன்று வழிகளாக நாட்டின் உள்ளே, மேற்கே கொண்டு போனார்கள். குண்டு விழும் காலத்தில் பீங்கானை மூட்டை கட்டி மலைப்பாதையில் ஏற்றுவது என்றால் என்ன என்று சரக்கு ஏற்றி இறக்கியவர்களுக்குத் தெரியும். 1948–49-ல் அவற்றில் 2,972 பெட்டிகள் தைவான் போய்ச் சேர்ந்தன. இன்று தைபே மியூசியத்தில் இருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் பீஜிங்குக்கும் நான்ஜிங்குக்கும் திரும்பின. "அவர்களுக்குக் காக்கத் தெரியாது, நாங்கள்தான் காத்தோம்" என்ற பேச்சு, நம் கோயில் சிலைகளைப் பற்றியும் நாம் கேட்டுச் சலித்த பேச்சுதான்.

அப்படியானால் சீனப் பொருளே சேர்க்கக்கூடாதா? அப்படிச் சொன்னால் முதலில் நானே என் அலமாரியைக் காலி செய்ய வேண்டும். விற்பதற்கென்றே செய்து, கப்பலேற்றி, கடல்தோறும் அனுப்பிய பாண்டங்கள் கணக்கில்லாமல் உண்டு. 1998-ல் இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே கண்ட ஒரே ஒரு மூழ்கிய கப்பலில் டாங் காலத்துப் பாண்டங்கள் சுமார் 60,000 இருந்தன. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் சீனப் பாண்டத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. டில்லி ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் அரண்மனைப் பகுதியில் யுவான் காலத்து நீல வெள்ளைத் தட்டுகள் கிடைத்தன. கொச்சி யூதர் ஆலயத்தின் தரையில் பதித்திருப்பது 18-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள். சீனச் சட்டி, சீனி என்று நம் அடுக்களைச் சொற்களிலேயே அந்த வாணிகம் தங்கியிருக்கிறது. பம்பாய்ப் பார்சி வணிகர் வீடுகளில் கான்டன் நகரத்துப் பாண்டங்கள் வந்ததும் வாணிகத்தால்தான். இவை விற்கப்பட்டன, வாங்கப்பட்டன; யாரும் அழவில்லை. இவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம், ரசிக்கலாம்.

ஆக, என் கணக்கு எளியது. சந்தைக்கென்று செய்தது, சந்தையில் வாங்கலாம். கல்லறையிலிருந்து வந்தது, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கோயிலிலிருந்தோ அரண்மனையிலிருந்தோ வந்தது, தாள் இல்லாமல் தொடக்கூடாது. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க 1970-ல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா 1977-லும் சீனா 1989-லும் அதில் சேர்ந்தன. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாம் நினைத்தபடி வெளிநாடு கொண்டுபோக முடியாது. அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

"எங்களிடம் கோடி இல்லையே" என்று வருந்தவும் வேண்டாம். 2014-ல் ஹாங்காங்கில், கைக்குள் அடங்கும் மிங் காலத்துச் சேவல் கிண்ணம் ஒன்றை 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய சீனச் செல்வர், அதில் தேநீர் ஊற்றிக் குடித்துக் காட்டினார். அது அவர் வழி. நம் வழி வேறு. முன்பு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்றிருந்த சத்ரபதி சிவாஜி மகாராஜ் மியூசியத்தில், ரத்தன் டாட்டா, தோராப்ஜி டாட்டா சகோதரர்கள் சேர்த்து வழங்கிய சீன, ஜப்பானியப் பொருட்கள் இருக்கின்றன. சர்ச்கேட்டிலோ சி.எஸ்.எம்.டி.யிலோ இறங்கி நடந்தே போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்திகளோடு போய், ஒரே ஒரு பாண்டத்தின் முன் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கண்ணால் சேர்ப்பதற்கு யாரும் வரி போடுவதில்லை.

சென்ற மாதம் செம்பூரிலிருந்து நண்பர் ஒருவர் வந்தார். ஓரம் சற்றுச் சிதைந்த ஒரு நீல வெள்ளைக் கிண்ணம். வழக்கமான கேள்வி. "விலை பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் அம்மாவைக் கேளுங்கள்" என்று அனுப்பினேன். அந்த அம்மாளுக்கு எண்பத்து நான்கு வயது. மூன்றாம் நாள் நண்பர் போன் செய்தார். ரங்கூனில் அவர் அப்பா வேலை பார்த்தபோது, புதுக்குடித்தனத்துக்கு வாங்கிய ஆறு கிண்ணங்களில் ஒன்றாம் அது. 1964-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறியபோது, கைக்குழந்தைக்குக் கஞ்சி கொடுக்க என்று இந்த ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாராம். அந்தக் கைக்குழந்தை நண்பரேதான். அறுபது வருஷமாக அந்த அம்மாளை யாரும் இதைக் கேட்டதில்லை. அதனால் அவரும் சொன்னதில்லை.

விலை சொன்னேன்: சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது, சிங் வம்சத்தின் கடைசிக் காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்போ சாதாரண மக்களுக்காகச் செய்த பாண்டம். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா இன்னும் ஏதேதோ சொல்கிறார்கள் சார், எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது அவசியம் என்று நினைக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு வீடே சாட்சி. பக்கத்து வீட்டுக் கிழவி சாட்சி. நம் வீட்டுப் பொருட்களுக்கு நாம்தான் சாட்சி. நாம் சொல்லாமல் போனால், நம் பிள்ளைகள் அடுத்த ஃபிளாட்டுக்கு மாறும்போது, அது பழைய சாமான்காரர் தராசில் ஏறும் ஒரு பாத்திரம். ஆகவே சீனக் கிண்ணமோ, பாட்டியின் வெங்கலப் பானையோ, எதுவானாலும், யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருஷம், எப்படி வந்தது என்று அரைத் தாளில் எழுதி அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். என் போலி ஜாடிக்குள்ளும் ஒரு தாள் போட்டிருக்கிறேன். 'பதினான்காயிரம் கொடுத்து ஏமாந்தது. திருப்பிப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறேன்.